சரியான செல்லில் மட்டும் வேலை செய்யும் டிஎன்ஏ: வேலூரில் நடந்ததும் இனி வரவிருப்பதும்

நம் வீடுகளில் ஹீமோஃபீலியா என்ற சொல் முதன்முதலாகக் காதில் விழுவது பெரும்பாலும் சுன்னத் செய்த நாளில்தான். மற்ற குழந்தைகளுக்குச் சற்று நேரத்தில் நின்றுவிடும் ரத்தம் இந்தக் குழந்தைக்கு நிற்காது. மருத்துவமனைக்கு ஓடுவார்கள், ரத்தப் பரிசோதனை நடக்கும், ஃபேக்டர் 8 என்ற புரதம் குறைவாக இருக்கிறது என்று டாக்டர் சொல்வார். பிறகுதான் தாயின் வீட்டில் யாருக்காவது இப்படி இருந்ததா என்ற கேள்வியே எழும். சிறு வயதில் காயம்பட்டு இறந்துபோன ஒரு தாய்மாமனின் கதையும் அப்போதுதான் வெளியே வரும்.

இந்த நோய் நம் முன்னோருக்குப் புதிதல்ல. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஸ்பெயினின் குர்துபாவில் வாழ்ந்த அறுவை மருத்துவர் அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி தமது ‘அத்தஸ்ரீஃப்’ நூலில், ஒரு கிராமத்து ஆண்கள் சிறு காயத்திலேயே ரத்தம் நிற்காமல் இறந்துபோவதைப் பதிவு செய்திருக்கிறார். ஹீமோஃபீலியாவைப் பற்றிய மிகப் பழைய மருத்துவக் குறிப்புகளில் ஒன்றாக அதைச் சொல்கிறார்கள். ஆண் குழந்தைகளில் ஏறத்தாழ 5,000 பேருக்கு ஒருவர் ஹீமோஃபீலியா ஏ வகையோடு பிறக்கிறார்கள். கடுமையான வகை என்றால் இயல்பான ஃபேக்டர் 8 அளவில் 1 சதவீதம்கூட இருக்காது. அடிபடாமலே மூட்டுகளுக்குள் ரத்தம் கசியும். முழங்கால் வீங்கும், நாளடைவில் மடங்காமல் போகும். டெய்லர் மெஷினில் எட்டு மணி நேரம் உட்கார்ந்து மிதிக்கும் வேலை அவர்களுக்கு முடியாத காரியம்.

இதற்கு நிரந்தரத் தீர்வாக, பழுதான மரபணுவுக்குப் பதில் நல்ல மரபணுவைக் கொடுத்துவிட்டால் என்ன என்று விஞ்ஞானிகள் நெடுநாளாக முயன்று வந்தனர். மரபணு என்பது டிஎன்ஏவில் எழுதப்பட்ட ஒரு செய்முறை. அதை எழுதி உடலுக்குள் அனுப்புவது இன்று அவ்வளவு கடினமில்லை. ‘இந்தச் செல்லில் மட்டும் இயங்கு, மற்றவற்றில் வாயைத் திறக்காதே’ என்று அதற்குக் கட்டளையிடுவதுதான் கடினம். இந்தக் கட்டளையைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை.

வேலூர் போட்ட நிபந்தனை

வேலூர் சிஎம்சி மருத்துவமனையில் டாக்டர் அலோக் ஸ்ரீவாஸ்தவாவின் குழு, அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து, மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை உதவியுடன் இதைச் செய்து பார்த்தது. 22 முதல் 41 வயது வரையிலான 5 பேர் இதில் கலந்துகொண்டனர். எல்லோரும் கடுமையான ஹீமோஃபீலியா ஏ உள்ளவர்கள். முடிவுகள் 2024 டிசம்பரில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வெளியாயின.

செய்தது இதுதான். நோயாளியின் ரத்தத்திலிருந்தே ஸ்டெம் செல்களைப் பிரித்து எடுத்தார்கள். நோய் உண்டாக்கும் திறன் நீக்கப்பட்ட லென்டிவைரஸ் என்ற வைரஸை வாகனமாக்கி, ஃபேக்டர் 8 செய்முறையை அந்தச் செல்களுக்குள் ஏற்றினார்கள். எலும்பு மஜ்ஜையில் ஏற்கெனவே இருக்கும் செல்களை வலுவான மருந்து கொடுத்துக் காலி செய்துவிட்டு, மாற்றிய செல்களைத் திரும்பச் செலுத்தினார்கள். அவை மஜ்ஜையில் குடியேறி, அவற்றிலிருந்து புதிய ரத்த அணுக்கள் பிறந்தன.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. ஸ்டெம் செல்லுக்குள் செய்முறையை வைத்துவிட்டால், அதிலிருந்து பிறக்கும் சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு என எல்லாவற்றின் பரம்பரையிலும் அது போய்ச் சேரும். எல்லாமே ஃபேக்டர் 8 தயாரிக்கத் தொடங்கினால் சிக்கல்தான்; ஸ்டெம் செல்லே அந்த வேலையில் இறங்கினால் அதன் சொந்த வேலை கெடும். ஆகவே செய்முறைக்கு முன்னால் சிடி68 என்ற மரபணுவின் தொடக்கப் பகுதியை ஒட்டினார்கள். அதை ஒரு சுவிட்ச் என்று வைத்துக்கொள்ளலாம். மோனோசைட், மேக்ரோஃபேஜ் எனப்படும் வெள்ளையணு வகைகளில்தான் அது ‘ஆன்’ ஆகும். மற்ற செல்களில் செய்முறை இருக்கும், ஆனால் உறங்கிக் கிடக்கும்.

நம் ஊரில் ஜக்கார்டு நிட்டிங் மெஷின் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். சிலிண்டரில் எல்லா ஊசியும் ஒன்றுபோலத்தான் நிற்கின்றன. எந்த ஊசி எழும்பிப் பின்ன வேண்டும், எது சும்மா இருக்க வேண்டும் என்று தேர்வு செய்யும் அமைப்பு தனியாக இருக்கிறது. டிசைன் வருவது அந்தத் தேர்வினால்தான்.

5 பேருக்கும் சிகிச்சைக்குப் பின் கண்காணித்த காலத்தைக் கூட்டினால் 81 மாதங்கள் வருகின்றன. அந்தக் காலத்தில் அவர்களில் எவருக்கும் ரத்தக்கசிவு ஏற்படவில்லை. ஃபேக்டர் 8 அளவு முதல் இருவருக்கு இயல்பில் 5 சதவீதம், 2 சதவீதம் போலத்தான் வந்தது. செல்லுக்குள் வைரஸ் நன்றாக நுழைய உதவும் ஒரு பொருளைச் சேர்த்துக்கொண்ட அடுத்த மூவருக்கு 19 முதல் 40 சதவீதம் வரை எட்டியது. 5 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. மஜ்ஜையைக் காலி செய்யும் மருந்தும் லேசானதல்ல. கிருமித் தொற்று ஆபத்து உண்டு, குழந்தை பெறும் திறனையும் அது பாதிக்கக்கூடும். திருமணமாகாத இளைஞர் என்றால் குடும்பம் இதைப் பற்றி டாக்டரிடம் வெளிப்படையாகக் கேட்க வேண்டும்.

நம் வாசகர்கள் அறிந்திருக்க வேண்டிய இன்னொரு விவரமும் இருக்கிறது. இதில் பயன்படுத்திய ஃபேக்டர் 8 செய்முறையின் பெயர் இடி3. மனித ஃபேக்டர் 8-ன் சில பகுதிகளுக்குப் பதிலாகப் பன்றியின் ஃபேக்டர் 8-ல் உள்ள வரிசையை இட்டு அதை வடிவமைத்திருக்கிறார்கள். பன்றியின் புரதம் செல்லிலிருந்து பல மடங்கு எளிதாக வெளியேறுகிறது என்பதே காரணம். நோயாளிக்குள் செல்வது ஆய்வகத்தில் வடிவமைத்த எழுத்து வரிசைதான். பன்றியின் ரத்தமோ சதையோ அல்ல. ஆனாலும் வரிசையின் மூலம் அது. இதற்கான மார்க்கத் தீர்ப்பை ஆலிம்களிடம்தான் கேட்க வேண்டும். கேட்கும்போது ‘மரபணு சிகிச்சை கூடுமா’ என்று பொதுவாகக் கேட்காமல், மேலே சொன்ன விவரத்தோடு கேட்டால் பதிலும் தெளிவாக வரும். எல்லா மரபணு சிகிச்சையிலும் இப்படி இல்லை.

ஒரு நிபந்தனை போதாத இடங்கள்

ஹீமோஃபீலியாவில் ஒரு நிபந்தனை போதும். தயாரிக்கும் செல் சற்று மாறினாலும் வெளிவருவது உடலுக்குத் தேவையான புரதம்தான். செல்லைக் கொல்லும் சிகிச்சையில் அப்படி விட முடியாது.

இந்தியாவில் 2023 அக்டோபரில் அனுமதி பெற்ற நெக்ஸ்கார்19 சிகிச்சையை எடுத்துக்கொள்வோம். ஐஐடி மும்பையும் டாடா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கியது. 2024 ஏப்ரலில் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு தொடங்கி வைத்தார். நோயாளியின் டி செல்களை எடுத்து, சிடி19 என்ற அடையாளம் உள்ள செல்லைக் கண்டால் தாக்கு என்ற கட்டளையை அவற்றின் டிஎன்ஏவில் எழுதித் திரும்பச் செலுத்துகிறார்கள். பி செல் வகை ரத்தப் புற்றுநோய்க்கு இது பயன்படுகிறது. ஆனால் சிடி19 புற்றுநோய் செல்லில் மட்டும் இருப்பதில்லை. ஆரோக்கியமான பி செல்லிலும் இருக்கிறது. டி செல்லுக்கு வேறுபாடு தெரியாது. இரண்டையும் அழிக்கும். பி செல் இல்லாவிட்டாலும் மனிதன் உயிர்வாழ முடியும், வெளியிலிருந்து எதிர்ப்புப் புரதம் ஏற்றிச் சமாளிக்கலாம் என்பதால்தான் இந்தச் சிகிச்சை சாத்தியமானது.

நுரையீரல், குடல், இதயம் ஆகியவற்றுக்கு அந்தச் சலுகை கிடையாது. 2010-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் அறிக்கை இதைக் கசப்பாகச் சொன்னது. ஹெர்2 என்ற அடையாளத்தைத் தேடித் தாக்கும் டி செல்கள் செலுத்தப்பட்ட ஒரு நோயாளி இறந்துபோனார். நுரையீரல் செல்களில் ஹெர்2 மிகச் சிறிய அளவில் இருந்ததே போதுமானதாகிவிட்டது என்று மருத்துவர்கள் கணித்தனர்.

ஆக, ‘இது இருந்தால் தாக்கு’ என்பது போதாது. ‘இதுவும் அதுவும் சேர்ந்து இருந்தால் மட்டும்’ என்றோ, ‘இது இருந்து அது இல்லாவிட்டால் மட்டும்’ என்றோ சொல்லத் தெரிய வேண்டும். கணினிக்காரர்கள் இவற்றை லாஜிக் கேட் என்பார்கள். வெறும் டிஎன்ஏ இழைகளைக் கொண்டே இந்தக் கேட்டுகளைக் கட்ட முடியும் என்பது கடந்த முப்பது ஆண்டுகளில் தெளிவாகியிருக்கிறது.

இழை இழையை உருவும் கணக்கு

பனியன் கம்பெனிக்காரர்களுக்கு இதை விளக்க எனக்கு அதிக சிரமம் இல்லை. அரிசி மூட்டையின் வாயைத் தைத்த சங்கிலித் தையலில் சரியான முனையைப் பிடித்து இழுத்தால் மொத்தத் தையலும் சரசரவென்று உருவிக்கொண்டு வரும். தவறான முனையை இழுத்தால் இறுகும். டிஎன்ஏ கேட்டும் இப்படி முனை பிடிக்கிற வேலைதான்.

டிஎன்ஏவில் ஏ, டி, ஜி, சி என நான்கு எழுத்துகள். ஏ எப்போதும் டியோடு சேரும், ஜி எப்போதும் சியோடு சேரும். இரண்டு இழைகள் இப்படிப் பொருந்தி முறுக்கிக்கொண்டிருக்கின்றன என்று வையுங்கள். அதில் ஓர் இழையை ஐந்தாறு எழுத்து நீளத்துக்குப் பிசிறாக நீட்டிவிட்டிருக்கிறார்கள். அந்தப் பிசிறுக்குப் பொருந்தும் மூன்றாவது இழை ஒன்று வந்தால் முதலில் பிசிறைப் பற்றிக்கொள்ளும். பிறகு எழுத்து எழுத்தாக முன்னேறி, பழைய துணையைத் தள்ளிவிட்டுத் தான் உட்காரும். வெளியே தள்ளப்பட்ட இழை இப்போது கட்டற்றது. அது போய் அடுத்த ஜோடியின் பிசிறைப் பிடிக்கும். மின்சாரம் வேண்டாம், மோட்டார் வேண்டாம். 2000-ல் பெர்னார்ட் யூர்க்கின் குழு இந்த முறையில் திறந்து மூடும் ஒரு டிஎன்ஏ இடுக்கியைச் செய்து காட்டியது.

‘இதுவும் அதுவும்’ கேட் வேண்டுமானால் இரண்டாவது பிசிறை முதல் தையலுக்கு அடியில் மறைத்து வைத்தால் போதும். முதல் இழை வந்து முதல் தையலை உருவினால்தான் இரண்டாவது பிசிறு வெளியே தெரியும். இரண்டாவது இழை வந்து அதைப் பிடித்தால்தான் விடை இழை விடுதலையாகும். ஒன்று மட்டும் வந்தால் எதுவும் நடக்காது. 2006-ல் கால்டெக்கில் ஜார்ஜ் சீலிக், எரிக் வின்ஃப்ரீ குழுவினர் இப்படி எல்லா வகைக் கேட்டுகளையும் கட்டினர். 2011-ல் லுலு சியானும் வின்ஃப்ரீயும் 130 டிஎன்ஏ இழைகளைச் சேர்த்து, வர்க்கமூலம் கண்டுபிடிக்கும் ஒரு சர்க்யூட்டையே செய்தனர். அது விடை சொல்லப் பல மணி நேரம் எடுத்துக்கொண்டது. கைபேசி கால்குலேட்டரோடு போட்டி போடுவதற்காகச் செய்ததல்ல அது. கைபேசியால் ஒரு செல்லின் மேல் போய் உட்கார முடியாது, டிஎன்ஏவால் முடியும் என்பதே விஷயம்.

செல்லின் மேல்தோலில்

2013-ல் நியூயார்க்கில் மிலன் ஸ்டோயனோவிச் முதலானோர் இந்தக் கணக்கை ரத்த அணுக்களின் மேல் போட்டுப் பார்த்தனர். செல்லின் மேற்பரப்பில் உள்ள அடையாளங்களைத் தேடிப் பிடிக்கும் ஆன்டிபாடிகளில் டிஎன்ஏ இழைகளைக் கட்டிவிட்டார்கள். சிடி45 உள்ள செல்லில் ஒரு ஜோடி போய் உட்காரும். சிடி20 உள்ள செல்லில் இன்னொரு ஜோடி. இரண்டும் அருகருகே ஒரே செல்லில் இருந்தால் மட்டும் உருவல் தொடர்ந்து நடந்து, கடைசியில் ஒளிரும் அடையாளம் அந்தச் செல்லில் ஒட்டியது. ரத்த மாதிரியில் கலந்து கிடந்த மற்ற அணுக்கள் ஒளிரவில்லை.

அடையாளம் ஒட்டுவதோடு நிற்காமல், அந்தச் செல்லின் சமிக்ஞையையே மாற்ற முடியுமா? செல்லுக்குப் ‘பெருகு’, ‘நில்’, ‘செத்துப்போ’ என்ற செய்திகள் மேற்பரப்பில் உள்ள ஏற்பிகள் வழியாகத்தான் உள்ளே போகின்றன. 2012-ல் ஹார்வர்டில் ஷான் டக்ளஸ், இடோ பாச்செலெட், ஜார்ஜ் சர்ச் மூவரும் டிஎன்ஏவை மடித்து ஒரு சின்னப் பீப்பாய் செய்தனர். நீளம் 45 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டருக்குள் இருபதாயிரத்துக்கு மேல் வரிசையாக வைக்கலாம். பீப்பாய்க்கு இரண்டு பூட்டு. இரண்டு பூட்டுக்கும் உரிய சாவிகள் ஒரே செல்லின் மேற்பரப்பில் இருந்தால் மட்டும் பீப்பாய் இரண்டாகப் பிளந்து திறக்கும். உள்ளே இருந்த ஆன்டிபாடித் துண்டுகள் அப்போதுதான் செல்லின் ஏற்பிகளைத் தொடும். ரத்தப் புற்றுநோய் செல் வகை ஒன்றில் இது வளர்ச்சியை நிறுத்தும் செய்தியை அனுப்பியது. எல்லாம் ஆய்வகத் தட்டில் வளர்த்த செல்களில்தான்.

உருவுவதற்குப் பதிலாக இணைப்பதும் ஒரு வழி. பல வளர்ச்சி ஏற்பிகள் தனியாக இருக்கையில் ஊமை. இரண்டு அருகருகே வந்தால்தான் பேசும். இரு முனையிலும் பற்றிக்கொள்ளும் டிஎன்ஏ இழையைக் கொண்டு அவற்றை அருகே இழுத்து, இயற்கையான ஹார்மோன் இல்லாமலே செய்தி அனுப்ப முடியும் என்று ஜப்பானிலும் சீனாவிலும் காட்டியிருக்கிறார்கள்.

சென்னையில் படித்தவரின் கருவி

இந்தத் துறையில் முதல் வரிசையில் நிற்பவர்களில் ஒருவர் நம் பக்கத்து மலப்புறத்தில் பிறந்து, சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரியில் வேதியியல் பட்டம் பெற்ற யமுனா கிருஷ்ணன். பெங்களூரின் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் இருந்தபோது, 2009-ல், அமிலத்தன்மையைக் கண்டால் மடங்கிக்கொள்ளும் ‘ஐ-ஸ்விட்ச்’ என்ற டிஎன்ஏ கருவியைச் செய்து, உயிருள்ள செல்லுக்குள் அனுப்பி அளவெடுத்தார். 2011-ல் அதே கருவி உயிருள்ள ஒரு புழுவின் குறிப்பிட்ட செல்களுக்குள் வேலை செய்தது. 2014-ல் அவர் சிகாகோ பல்கலைக்கழகத்துக்குச் சென்றார்.

அவருடைய பணியில் எனக்குப் பிடித்த இடம், இயற்கை ஏற்கெனவே வைத்திருக்கும் வாசலைப் பயன்படுத்திக்கொண்ட விதம். மேக்ரோஃபேஜ் உடலின் துப்புரவுப் பணியாளர். வெளியில் மிதக்கும் டிஎன்ஏவை அதன் மேற்பரப்பில் உள்ள சில ஏற்பிகள் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்ளும். எனவே டிஎன்ஏவில் கட்டிய மருந்து தானாகவே அந்தச் செல்லைத் தேடிப் போகிறது. 2021-ல் யமுனா கிருஷ்ணனும் லெவ் பெக்கரும் வெளியிட்ட ஆய்வில், எலிகளின் புற்றுக்கட்டிக்குள் இருந்த மேக்ரோஃபேஜ்களுக்கு இப்படி ஒரு மருந்தை அனுப்பினர். புற்றுநோயின் துண்டுகளை அந்த அணுக்கள் முழுவதுமாகச் செரித்துவிடாமல் அந்த மருந்து தடுத்தது. செரிக்காமல் எஞ்சிய துண்டுகளைக் கண்ட டி செல்கள் விழித்துக்கொண்டன. கீமோதெரபியோடு சேர்த்தபோது கட்டிகள் சுருங்கின. வேலூர் தேர்ந்தெடுத்ததும் இதே வகை அணுக்களைத்தான். அங்கே சுவிட்ச் மரபணுவுக்குள் இருந்தது, இங்கே வாசலில் இருக்கிறது.

ஆனால் டிஎன்ஏ கேட்டுகள் மருந்துக் கடைக்கு வர நெடுந்தூரம் இருக்கிறது. ரத்தத்தில் டிஎன்ஏவை வெட்டும் நொதிகள் நிறைய உண்டு; பாதுகாப்பில்லாத இழை வெகுநேரம் தாங்காது. மேக்ரோஃபேஜ் தேடி விழுங்குவது ஒரு சிகிச்சைக்கு வசதி என்றால் மற்ற சிகிச்சைகளுக்கு அதுவே இடைஞ்சல், போக வேண்டிய செல்லை அடையுமுன் கருவி காணாமல் போகும். ஆகவே ‘நானோ ரோபோ ஊசி’, ‘டிஎன்ஏ கம்ப்யூட்டர் சிகிச்சை’ என்று யாராவது இன்று பணம் கேட்டால், அப்படி ஒரு சிகிச்சை மனிதர்களுக்கு விற்பனையில் இல்லை. வேலூர் மரபணு சிகிச்சையும் இன்னும் சோதனைக் கட்டம்தான். மனிதர்கள் மீது நடத்தும் எந்தச் சோதனையும் இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேடான சிடிஆர்ஐ தளத்தில் பதிவாகியிருக்க வேண்டும். அந்தப் பதிவு எண்ணைக் கேளுங்கள். நெக்ஸ்கார்19 அனுமதி பெற்றது. வெளிநாட்டுச் செலவில் பத்தில் ஒரு பங்கு என்று சொன்னாலும் அது பல லட்ச ரூபாய்.

சுன்னத்துக்கு முன்

இன்றே செய்யக்கூடியது சுன்னத்துக்கு நாள் குறிக்கும் முன் இருக்கிறது. ஃபேக்டர் 8 குறை தாய் வழியாக வருவது. தாய் அதைச் சுமப்பவராக இருந்தால் ஒவ்வொரு மகனுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. தகப்பனுக்கு நோய் இருந்தால் மகன்களுக்கு வராது, மகள்கள் எல்லோரும் சுமப்பவர்களாவார்கள். எனவே விசாரிக்க வேண்டியது தாயின் சகோதரர்கள், தாயின் தாய்மாமன்கள், தாயின் சகோதரிகளுடைய மகன்கள் ஆகியோரைப் பற்றி. பல் பிடுங்கியபோது ரத்தம் நிற்காமல் அவதிப்பட்டார்களா, காரணமின்றி மூட்டு வீங்கியதா, சுன்னத்தின்போது சிக்கல் வந்ததா என்று கேளுங்கள். நோய் உள்ளவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்குக் குடும்பத்தில் முன் வரலாறே இருக்காது. அதனால் தடுப்பூசி போட்ட இடம் பெரிதாக வீங்கினாலோ, தவழும் வயதில் உடம்பில் நீலத் தழும்புகள் அடிக்கடி வந்தாலோ, டாக்டரிடம் சொல்லி ஏபிடிடி என்ற ரத்த உறைவுப் பரிசோதனை செய்துவிடுங்கள். அதில் நேரம் நீண்டால் ஃபேக்டர் 8, ஃபேக்டர் 9 அளவுகளைப் பார்ப்பார்கள்.

நோய் உறுதியானாலும் சுன்னத் செய்யவே முடியாது என்றில்லை. ரத்தநோய் மருத்துவரின் மேற்பார்வையில், முன்னும் பின்னும் ஃபேக்டர் மருந்து ஏற்றி, மருத்துவமனையில் செய்கிறார்கள். வீட்டில் செய்யக் கூடாது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் ஃபேக்டர் மருந்து இலவசமாகக் கிடைக்கிறது. இந்தக் குழந்தைகளுக்கு வலி, காய்ச்சல் என்றால் ஆஸ்பிரின் கொடுக்கக் கூடாது. தசையில் போடும் ஊசியை டாக்டரைக் கேட்காமல் போடவும் கூடாது. பள்ளியில் சேர்க்கும்போது வகுப்பு ஆசிரியரிடம் எழுதியே கொடுத்துவிடுங்கள்.